முக்திநாத் போகும் அம்மாவுக்காக: "இவ்வளவு தூரம் வந்துட்டு..."

கேள்வி இதுதான். அம்மாவுக்கு 67 வயது. பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். கும்பகோணத்திலிருந்து கிளம்பும் ஒரு யாத்திரைக் குழுவில், நேபாள மலையில் இருக்கும் முக்திநாத் பெருமாள் கோவிலுக்கு முன்பணம் கட்டிவிட்டார். அப்பா இல்லை, பிள்ளைகளுக்கு லீவு கிடைக்காது, தனியாகத்தான் போகிறார். அனுப்பலாமா, எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும்?

அனுப்பலாம். முன்பணம் கட்டியாயிற்றே என்பதற்காக மட்டும் அனுப்பாதீர்கள். கீழே நான் சொல்லும் இரண்டு மூன்று கேள்விகளுக்கு ஏற்பாட்டாளர் நேராகப் பதில் சொன்னால் அனுப்புங்கள். மழுப்பினால் அந்தப் பணம் போனால் போகட்டும்.

என் சித்தப்பா நடத்திய குழுவில் மூட்டை தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தவன் நான். பிறகு நானே ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஏழு முறை போயிருக்கிறேன். அதில் இரண்டு முறை கோவிலைப் பார்க்காமலே திரும்பினோம். அந்த இரண்டு தடவையும் என்னைத் திட்டியவர்கள் இன்றைக்கும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஆனால் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள்.

முக்திநாத்தில் என்ன ஆபத்து என்று கேட்டால் உயரம், குளிர், குட்டி விமானம், மலைச்சாலை என்று வரிசையாகச் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் சமாளிக்கக்கூடிய இந்த ஆபத்துகளை விபரீதமாக்குவது ஒரு பேச்சு: "இவ்வளவு தூரம் வந்துட்டு..." மீதியை யாரும் சொல்லி முடிப்பதில்லை, சொல்லவும் வேண்டாம். ஆழ்வார்கள் பாடிய 108 திவ்ய தேசங்களில் 105 இந்தியாவுக்குள் இருக்கின்றன. ஒன்று நேபாளத்தில், பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய சாளக்கிராமம், அதாவது இந்த முக்திநாத். மிச்ச இரண்டும் இந்தப் பூமியிலேயே இல்லை. 105-ஐயும் சேவித்து முடித்துவிட்டு, இந்த ஒன்றுக்காகப் பத்து வருஷம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தோடு வருகிற மாமியிடம், "இன்றைக்கு மேலே போக வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் தலைவலியை மறைப்பார். குழு மேனேஜர் மேகத்தை மறைப்பார். டிரைவர் தூக்கத்தை மறைப்பார்.

அதனால் ஏற்பாட்டாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, "போக்ராவிலிருந்து ஜோம்சோம் விமானம் ரத்தானால் என்ன செய்வீர்கள்?"

போக்ரா நேபாளத்தில் கீழே இருக்கும் நகரம், ஜோம்சோம் முக்திநாத்துக்குக் கீழே உள்ள மலை ஊர். அந்த விமானம் 20 நிமிஷம்தான் பறக்கும், அதுவும் காலையில் மட்டும். ஜோம்சோம் இருப்பது காளி கண்டகிப் பள்ளத்தாக்கில். ஒரு பக்கம் 8,167 மீட்டர் தௌலகிரி, இன்னொரு பக்கம் 8,091 மீட்டர் அன்னபூர்ணா. இரண்டுக்கும் நடுவே உள்ள அந்த இடுக்கில் முற்பகல் தாண்டியதும் தெற்கிலிருந்து காற்று கிளம்பும். ஊர்ப் பக்கம் ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், அங்கே வருஷம் பூரா மத்தியானம் ஆடி மாதம்தான். அதற்கு மேல் சின்ன விமானங்கள் அங்கே இறங்க முடியாது. காலையில் மேகம் மூடினால் அன்றைய கணக்கு முடிந்தது, மறுநாள்தான். மறுநாளும் மூடினால் அதற்கும் மறுநாள்.

ஆக, பயணத் திட்டத்தில் போக்ராவிலோ ஜோம்சோமிலோ குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் சும்மா விட்டிருக்க வேண்டும். "விமானம் கிடைக்கலைன்னா உடனே ஜீப்புல ஏத்திடுவோம் சார், கவலைப்படாதீங்க" என்று ஒருவர் உற்சாகமாகச் சொன்னால் அங்கேதான் கவலைப்பட வேண்டும். எத்தனை மணிக்கு ஏற்றுவீர்கள் என்று கேளுங்கள். போக்ராவிலிருந்து பேனி, தாதோபானி வழியாக ஜோம்சோம் போக ஒரு முழுப் பகல் வேண்டும். காலை 6 மணிக்குக் கிளம்பினால் சரி. விமானத்துக்காக 11 மணி வரை காத்திருந்து, சாப்பிட்டு, ஜீப் பேசி, 2 மணிக்குக் கிளம்பினால் பாதி மலை இருட்டில்.

அந்தத் தப்பை நானே ஒரு தடவை செய்தேன். ஐப்பசி மாதம், இரண்டு நாள் தொடர்ந்து விமானம் ரத்து. கோரக்பூரில் திரும்புகால் ரயில் டிக்கெட் கையில். 22 பேரும் ஒரே குரலில் "போயிடலாம்" என்றார்கள். பேனி தாண்டும்போதே இருட்டிவிட்டது. ஒரு இடத்தில் சாலையில் கல் சரிந்து கிடந்தது. டிரைவர் பையன் இறங்கி, செல்போன் டார்ச்சை அடித்து, ஓரத்தில் எவ்வளவு மண் மிச்சம் இருக்கிறது என்று காலால் அழுத்திப் பார்த்தான். ஜீப்புக்குள் யாரோ விஷ்ணு சகஸ்ரநாமம் ஆரம்பித்து, நடுவில் நிறுத்திவிட்டார். கீழே ஆறு ஓடும் சத்தம் மட்டும். பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். அன்றிலிருந்து என் குழுவில், சாயங்காலம் 5 மணிக்கு மேல் மலைச்சாலையில் வண்டி ஓடாது என்று பணம் வாங்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். உங்கள் ஏற்பாட்டாளரிடமும் அதை எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தாலும் போதும்.

விமானம் பாதுகாப்பா, சாலை பாதுகாப்பா என்று பலர் கேட்கிறார்கள். இரண்டுமே முழுப் பாதுகாப்பு கிடையாது. 2012 மே மாதம் ஜோம்சோமில் இறங்க வந்த விமானம் மலையில் மோதி 15 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் முக்திநாத்துக்கு வந்த இந்தியர்கள். 2022 மே 29 அன்று அதே தடத்தில் இன்னொரு விமானம் விழுந்து, அதிலிருந்த 22 பேரும் போனார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2013-லேயே நேபாள விமான நிறுவனங்கள் எல்லாவற்றையும் தடைப் பட்டியலில் போட்டது. சாலைப் பக்கம் வந்தால், 2024 ஜூலை 12 விடியற்காலையில் திரிசூலி ஆற்றங்கரையில் நிலச்சரிவு இரண்டு பேருந்துகளை அப்படியே ஆற்றுக்குள் தள்ளியது. அடுத்த மாதம் 23-ஆம் தேதி, போக்ராவிலிருந்து காத்மாண்டு போன யாத்ரிகர் பேருந்து மர்ஸ்யாங்தி ஆற்றில் விழுந்து 27 இந்தியர்கள் இறந்தார்கள். அது பட்டப்பகலில் நடந்தது.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. சாலை விபத்து இரண்டும் எந்த மாதம் என்று பாருங்கள். ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் வரை அங்கே மழைக்காலம். மலை நனைந்து ஊறிக் கிடக்கும். ஆடி, ஆவணியில் முக்திநாத் அழைத்துப்போகிறேன் என்கிறவர் எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் வேண்டாம். ஏப்ரல், மே அல்லது அக்டோபர், நவம்பர்தான் காலம். வானம் தெளிவாக இருக்கும் காலை விமானம் என் கணக்கில் பரவாயில்லை. ஆனால் விமானி பறக்க மாட்டேன் என்றால் கவுன்டரில் போய்ச் சண்டை போடும் குழுவில் உங்கள் அம்மா இருக்கக் கூடாது. அப்படிச் சண்டை போடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்கள்.

அடுத்தது உயரம். இதில் கொஞ்சம் நிதானிக்கிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். ஊட்டி 2,240 மீட்டர். தொட்டபெட்டா உச்சி 2,637. ஜோம்சோம் ஊரே 2,700-க்கு மேல், அதாவது தொட்டபெட்டாவைவிட உயரத்தில்தான் உங்கள் அம்மா ராத்திரி தூங்கப்போகிறார். கோவில் அதற்கும் ஆயிரம் மீட்டர் மேலே, 3,700-ஐத் தாண்டி. அங்கே ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கும்பகோணத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. போக்ராவோ 800 மீட்டர் சுமாருக்குத்தான் இருக்கிறது. 20 நிமிஷத்தில் அங்கிருந்து ஜோம்சோம், இறங்கியவுடன் ஜீப் ஏறி ஒன்றரை மணி நேரத்தில் கோவில் அடிவாரம் என்றால் உடம்புக்கு எதுவும் புரியாது. வந்த அன்று ஜோம்சோமில் தங்கி, மறுநாள் காலை மேலே போய்ச் சேவித்துவிட்டு அன்றே ஜோம்சோமுக்கு இறங்கிவிட வேண்டும். இந்த வரிசை இருக்கிறதா என்பது ஏற்பாட்டாளருக்கு உங்கள் இரண்டாவது கேள்வி. மேலே கோவில் அடிவாரத்து ஊரான ராணிபௌவாவில் ராத்திரி தங்க வைக்கும் திட்டம் 67 வயதுக்கு வேண்டாம். போக்ராவிலிருந்து ஹெலிகாப்டரில் நேராக மேலே போய் ஒரு மணி நேரத்தில் திரும்புகிற ஏற்பாடும் இப்போது உண்டு. இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் ஒப்புக்கொள்ளாமல் அதில் ஏறக் கூடாது.

உயரம் ஒத்துக்கொள்ளாததற்கு முதல் அடையாளம் தலைவலி. கூடவே சாப்பாடு பிடிக்காது, குமட்டும், தூக்கம் வராது. இவை மட்டும் என்றால் மேலே ஏறாமல் அதே இடத்தில் ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமல் விடாமல் வந்தாலோ, பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ அந்த நிமிஷமே கீழே இறக்க வேண்டும். ராத்திரியானாலும் சரி, தரிசனத்துக்குப் பத்துப் பேர்தான் முன்னால் நிற்கிறார்கள் என்றாலும் சரி. நான் சொன்ன 5 மணி விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு.

ஒரு வருஷம் எங்களோடு வந்த மாமி ஒருவர் ராணிபௌவா ஜீப் ஸ்டாண்டில் இறங்கியதும் செருப்பை மாட்டத் தெரியாமல் நின்றார். வலது கால் செருப்பை இடது காலுக்குக் கொண்டுபோகிறார், மறுபடி எடுக்கிறார். "மாமி, தலை வலிக்கிறதா?" என்றேன். "இல்லைப்பா, நேத்தி ராத்திரிலேர்ந்து சித்த பாரமா இருக்கு, அவ்ளோதான்." தரையில் ஒரு கோடு காட்டி, ஒரு காலின் குதிகால் மற்றக் காலின் விரலில் இடிக்கிற மாதிரி நடக்கச் சொன்னேன். மூன்றாவது அடியில் என் தோளைப் பிடித்துக்கொண்டார். வந்த ஜீப்பிலேயே திருப்பி ஏற்றினேன். வழி முழுக்க என்னோடு பேசவில்லை. ஜோம்சோமில் ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே ஆக்சிஜன் வைத்தார்கள். சாயங்காலம் தெளிந்து எழுந்து முதலில் கேட்டது காபி. இரண்டாவது, "ஏன்டா, சொன்னா இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேள்னுதான் சொல்லலை."

இதைக் கேட்ட பிறகு ஒவ்வொரு குழுவிலும் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: தலைவலி என்று முதல் நாளே சொல்கிறவருக்குத்தான் மறுநாள் தரிசனம் கிடைக்க வாய்ப்பு அதிகம், மறைக்கிறவருக்குக் கிடையாது. அது மருத்துவ உண்மையும்கூட. நீங்களும் அம்மாவிடம் இதையே சொல்லுங்கள். கூடவே, மேலே போகாமல் ஜோம்சோமிலேயே இருந்துவிட்டாலும் நாங்கள் யாரும் எதுவும் சொல்ல மாட்டோம், இன்னொரு வருஷம் நாங்களே அழைத்துப்போகிறோம் என்று பிள்ளைகள் வாயால் சொல்ல வேண்டும். காளி கண்டகி ஜோம்சோமிலும் ஓடுகிறது. அந்த ஆற்றுப் படுகையில்தான், பெருமாளாகவே பூஜிக்கிற சாளக்கிராமக் கல் கிடைக்கிறது.

அசிட்டசோலமைடு என்கிற மாத்திரை, டையமாக்ஸ் என்று சொன்னால் கடையில் தெரியும், ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்கினால் உடம்பு பழக உதவும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஆபத்தாகலாம். பிரஷருக்கு ஏற்கனவே நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் பார்க்க வேண்டும். எனவே குடும்ப டாக்டரைக் கேட்காமல், பக்கத்து சீட்டுக்காரர் கொடுத்தார் என்று போட்டுக்கொள்ளக் கூடாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கொண்டுபோகலாம். குளிரில் விரல் விறைத்திருந்தால் அது தப்பான எண்ணைக் காட்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கடையில் விற்கிற ஆக்சிஜன் கேனை இழுத்துக்கொண்டே மேலே ஏறிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தக் கேன் சில நிமிஷங்களுக்குத்தான் வரும்.

இனி, யாரும் வெளிப்படையாகப் பேசாத விஷயம் ஒன்று. நம் பெண்கள் பயணத்தில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள், வழியில் கழிப்பறை இல்லை என்பதால். பேருந்தில் எட்டு மணி நேரம் வாய் நனைக்காமல் உட்கார்ந்து வருவார்கள். அந்த உயரத்தில் காற்றும் வறண்டது. உடம்பில் நீர் வற்றினால் தலைவலி வரும், உயரத் தலைவலியா வெறும் தாகமா என்றே பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஒழுங்கான கழிப்பறை உள்ள இடத்தில் வண்டி நிற்குமா என்று ஏற்பாட்டாளரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். மூன்றாவது கேள்வி இதுதான், சிரிக்க வேண்டாம்.

பட்டினியும் அப்படித்தான். சேவிக்கும் வரை பச்சைத் தண்ணீர் தொட மாட்டேன் என்ற விரதம் சர்க்கரை மாத்திரையோடு ஒத்துவராது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சரேலென்று இறங்கும். கூடவே வரும் சமையல்காரர் விடியற்காலையிலேயே இட்லியோ உப்புமாவோ போடுவார், சாப்பிட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். இன்சுலின் போடுகிறவராக இருந்தால் மருந்து உறைந்துபோகாமல் உடம்போடு ஒட்டின பையில் வைத்திருக்க வேண்டும்.

கோவிலில் 108 தாரைகள் இருக்கின்றன. பின்பக்கச் சுவரில் பசு முகங்கள், ஒவ்வொன்றிலிருந்தும் பனி உருகிய தண்ணீர். முன்னால் இரண்டு குண்டங்கள். 108-லும் தலையைக் காட்டி ஓடிவந்து, குண்டத்திலும் முங்கி எழ வேண்டும் என்பது எல்லாருடைய ஆசை. நான் இளைஞனாக இருந்தபோது செய்திருக்கிறேன், பாதியிலேயே தலை மரத்துப்போகும். அந்தக் குளிர் திடீரென்று பட்டால் ரத்த அழுத்தம் எகிறும், இதயம் தாறுமாறாக அடிக்கும். பிரஷர் உள்ளவர்கள் ஒவ்வொரு தாரையிலும் கையால் தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டால் போதும். புரோட்சணம் என்று சாஸ்திரத்திலேயே வழி இருக்கிறது. நனைந்த புடவையோடு காற்றில் வரிசையில் நிற்பது முங்குவதைவிட மோசம். மாற்றுத் துணி, குல்லா, காலுறை மேலே போகும் பையிலேயே இருக்க வேண்டும், ஹோட்டலில் விட்ட பெட்டியில் அல்ல. ஜீப் நிற்கும் இடத்திலிருந்து கோவில் வரை ஏற்றம். குதிரை கிடைக்கும். குதிரையில் ஏறியே பழக்கமில்லாதவர் இறங்கும்போதுதான் விழுவார், ஏறும்போது அல்ல. முட்டி தாங்குமானால், இருபது அடிக்கு ஒருமுறை நின்று நடப்பதே மேல்.

காகிதங்கள். நேபாளத்துக்கு விசா வேண்டாம். விமானத்தில் போகும் இந்தியர்களுக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். 15 வயதுக்குக் கீழும் 65-க்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும்தான் ஆதார் போன்ற மற்ற அடையாளம் செல்லும். குழுவில் 60 வயது அத்தை ஒருவர் ஆதாரை மட்டும் எடுத்துவந்து விமான நிலையத்தில் அழுதது உண்டு. உங்கள் அம்மாவுக்கு 67 என்றாலும் பாஸ்போர்ட் இருந்தால் அதையே கொடுத்தனுப்புங்கள். எல்லாருடைய அட்டையையும் மேனேஜர் மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் சில குழுக்களில் இருக்கிறது. சோதனைச் சாவடியில் காட்டக் கொடுத்தாலும் உடனே திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும்.

கழுத்தில் தொங்க ஓர் அட்டை செய்துகொடுங்கள். ஒரு பக்கம் பெயர், ரத்த வகை, சாப்பிடும் மாத்திரைகள், உங்கள் எண், குழு மேனேஜர் எண், நேபாளத்தில் வண்டி ஏற்பாடு செய்யும் உள்ளூர் ஏஜென்ட் எண். மறு பக்கம் இதே விவரம் ஹிந்தியில். பசுபதிநாத் கூட்டத்தில் தவறிப்போன நம் ஊர்ப் பாட்டிக்கு ஹிந்தியும் தெரியாது, நேபாளியும் தெரியாது. ஹோட்டல் பெயரும் நினைவிருக்காது, "ஒரு பச்சைக் கட்டடம்" என்பார். அதனால் ஒவ்வொரு ஊரிலும் ஹோட்டல் விசிட்டிங் கார்டு ஒன்றை எடுத்து அந்த அட்டைக்குள் செருகச் சொல்லுங்கள். நேபாளத்தில் போலீஸ் 100, ஆம்புலன்ஸ் 102, சுற்றுலாப் போலீஸ் 1144. அதையும் எழுதிவிடுங்கள். அங்கே கடிகாரம் நம்மைவிடக் கால் மணி முன்னால் ஓடும் என்பதையும்.

பணம் 100 ரூபாய்த் தாள்களாக இருந்தால் எங்கேயும் தகராறு இல்லை. நம் 100-க்கு அவர்கள் 160. அதற்குக் குறைத்துக் கணக்குப் போடுகிற கடையில் வாங்க வேண்டாம்.

ஊரே அடைத்துக்கொள்ளும் நிலைமையும் வரலாம். 2018 ஜூலையில் கைலாயம் போய்த் திரும்பிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய யாத்ரிகர்கள் வானிலை கெட்டதால் நேபாள மலை ஊர்களான சிமிகோட்டிலும் ஹில்சாவிலும் மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். அப்போது காத்மாண்டு இந்தியத் தூதரகம் தமிழ் பேசும் ஆளை வைத்தே உதவி எண் கொடுத்தது. 2025 செப்டம்பரில் இளைஞர் போராட்டம் வெடித்துப் பிரதமர் பதவி விலகியபோது காத்மாண்டு விமான நிலையமே மூடப்பட்டது. இரண்டிலும் குழுவுக்குத் தேவைப்பட்டது ஒன்றுதான்: கூடுதலாக ஐந்து நாள் மாத்திரையும் கைச்செலவுக்குப் பணமும். கலவரம் என்றால் ஹோட்டலை விட்டு நகராமல், ஜன்னலில் நின்று வீடியோ எடுக்காமல், தூதரகம் சொல்வதை மட்டும் கேட்க வேண்டும். கிளம்பும் முன் தூதரகத்தின் அவசர எண்ணை அவர்கள் இணையதளத்திலிருந்து எடுத்து, நீங்களும் வைத்துக்கொண்டு அட்டையிலும் எழுதிவிடுங்கள்.

இன்ஷூரன்ஸ் எடுங்கள், ஆனால் நான்கு விஷயங்களைப் படித்துவிட்டு எடுங்கள்: எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், ஏற்கனவே இருக்கும் பிரஷர், சர்க்கரைக்குப் பொருந்துமா, அவர் வயது வரை உண்டா, ஹெலிகாப்டரில் இறக்கும் செலவு சேர்த்தியா. ஹெலிகாப்டர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தேவையே இல்லாமல் நோயாளியாக்கி ஹெலிகாப்டரில் ஏற்றிப் பில் போடும் மோசடி நேபாளத்தில் பெரிதாக நடந்து, 2018-ல் அந்த அரசே விசாரித்தது. ஆனாலும் உண்மையிலேயே நடை தள்ளாடும்போது இந்தச் சந்தேகத்தால் தயங்க வேண்டாம். ஜீப் பக்கத்தில் இருந்தால் ஜீப், ஹெலிகாப்டர்தான் வழி என்றால் ஹெலிகாப்டர். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு நீங்கள் ஊரிலிருந்து போன் செய்து முதலில் தகவல் சொல்லிவிடுங்கள்.

அம்மா தினமும் போன் செய்வார். ஜோம்சோமில் சிக்னல் கிடைத்தால் அன்றும் செய்வார். "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்காதீர்கள், "நல்லா இருக்கேன்டா" என்பார், எப்போதும் அதைத்தான் சொல்வார். "காலையில என்ன சாப்பிட்டே, எத்தனை இட்லி?" என்று கேளுங்கள். வீட்டில் மூன்று இட்லி சாப்பிடுகிறவர், "எனக்கு இன்னிக்கு என்னமோ வேண்டியிருக்கலை" என்று சொன்னால், உடனே போனை மேனேஜரிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.